மைசூரின் ஜெர்மானிய வாத்தியார்கள்

சென்னையிலோ மதுரையிலோ ஆர்க்கிடெக்சர் படிக்கும் பிள்ளைகளிடம் 'கோனிக்ஸ்பெர்கர்' என்று சொல்லிப் பாருங்கள். கிளைமேட்டாலஜி பாடத்துக்கு உரிய தடிமனான புத்தகம் என்பார்கள். தேர்வுக்கு முந்தின வாரம் நூலகத்தில் கிடைக்காது என்பார்கள். யாரிடம் ஜெராக்ஸ் இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அது ஒரு மனிதரின் பெயர், அந்த மனிதர் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராகச் சம்பளம் வாங்கியவர் என்று சொன்னால் பெரும்பாலும் ஆச்சரியப்படுகிறார்கள். வெயில் எந்தச் சுவரில் எத்தனை நாழிகை விழும், காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் போகும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் அந்தக் கையேட்டை எழுதிய குழுவின் தலைவர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், பெர்லின்காரர்.

மைசூருக்கே போய் அவரைத் தேடினால் ஏமாற்றம்தான். நகரத்தைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகள் அரண்மனை வாசலில் ஹென்றி இர்வினின் பெயரைச் சொல்வார்கள். 1897இல் இளவரசி ஜெயலட்சம்மண்ணியின் திருமணத்தின்போது பழைய மர அரண்மனை எரிந்துபோனது. அந்த இடத்தில் 1912வரை நடந்த புதிய கட்டுமானத்துக்கு வரைபடம் போட்டவர் இர்வின். சென்னை உயர்நீதிமன்றத்தோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் அதே மனிதர். லலிதா மகாலுக்குப் போனால் பிரிட்ச்லி என்ற பெயர் காதில் விழும். கோனிக்ஸ்பெர்கரை யாரும் சொல்லமாட்டார்கள். சொல்வதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. அவருடைய முக்கியமான கட்டடங்கள் பெங்களூரில் இருக்கின்றன. அவர் வரைந்த நகரங்கள் ஒடிசாவிலும் ஜார்கண்டிலும் குஜராத்திலும் இருக்கின்றன. அவர் நடத்திய பள்ளி லண்டனில்.

அப்படியானால் அவரை மைசூரோடு சேர்த்துப் பேசுவதற்கு என்ன நியாயம்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது அவருக்கு முன்னால் அதே சமஸ்தானத்தில் வேலை பார்த்த இன்னொரு ஜெர்மானியரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தோட்டப் பட்டறைகளில் கைவேலையாகத் தொழில் கற்றவர். மற்றவர் அந்த நூற்றாண்டு உருவாக்கிய பெர்லின் தொழில்நுட்பக் கல்வியின் கடைசிப் பிள்ளைகளில் ஒருவர்.

அதற்கும் முன்னால் ஒரு ஓடு இருக்கிறது. 1865இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் நேத்ராவதிக் கரையோரம் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். சூளையில் வெந்து வந்த அந்தச் சிவப்பு ஓடுதான் பின்னால் மைசூர் வீடுகளிலும் கோயம்புத்தூர்ப் பக்கத்து வீடுகளிலும் 'மங்களூர் ஓடு' என்ற பெயரில் ஏறியது. நாட்டு ஓட்டைவிடப் பெரியது, ஒன்றோடொன்று பல் கவ்விக்கொள்ளும், ஆண்டுதோறும் ஓடு மாற்றும் வேலையைக் குறைத்தது. தென்னிந்தியக் கூரைகளில் ஜெர்மானியர்கள் விட்டுச்சென்ற தடம் என்று பார்த்தால், எந்தக் கட்டடக் கலைஞரும் இந்த ஓட்டைத் தாண்ட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பீகல் 1865இல், அதே ஓட்டு ஆண்டில், டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில் லோமன் என்ற ஊரில் பிறந்தார். பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. பில்னிட்ஸ் அரண்மனைத் தோட்டத்தில் தொழில் பழகினார், ஹாம்பர்கில் வேலை பார்த்தார். பிறகு லண்டன் போய் ஹைட் பார்க்கில் பூப்பாத்தி போட்டு, கியூ தாவரவியல் தோட்டத்தில் சேர்ந்தார். 1893இல் பரோடா மகாராஜா சாயாஜிராவ் அவரை இந்தியாவுக்கு அழைத்துக்கொண்டார். 1908இல் நாலாம் கிருஷ்ணராஜ உடையார் அவரை மைசூருக்கு இழுத்தார். லால்பாக்கில் ஜான் கேமரன் விட்ட இடத்தில் அமர்ந்த க்ரும்பீகல், சமஸ்தானத்தின் தோட்டங்கள் அனைத்துக்கும் பொறுப்பாளர் ஆனார். நகரமைப்பு, கட்டடம் என்று எது வந்தாலும் ஆலோசனை கேட்கப்படும் ஆளாகவும் ஆனார்.

இங்கே ஒரு சின்னச் சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். 1892இல் தொடங்கிய மைசூர் மிருகக்காட்சி சாலையை வடிவமைத்தவர் க்ரும்பீகல் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். 1892இல் அவர் இந்தியாவிலேயே கால் வைக்கவில்லை. அந்தப் பத்து ஏக்கர் அரண்மனைப் பூங்கா பின்னர் பெரிதாகி, 1909இல் சாமராஜேந்திரர் பெயரைப் பெற்றது. க்ரும்பீகலின் கை அதில் பட்டிருந்தால் அது 1908க்குப் பிறகான விரிவாக்கத்தில்தான் இருக்க முடியும். பெரிய பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் ஊரில் உள்ள எல்லா மரத்தையும் அவரே நட்டதாகச் சொல்லிவிடுவது நம் வழக்கம். பிருந்தாவன் தோட்டத்திலும் இந்தக் கதைதான். கண்ணம்பாடியில் விஸ்வேஸ்வரய்யாவின் அணை எழும்பிக்கொண்டிருந்தபோது, அதன் காலடியில் அடுக்கடுக்காகத் தோட்டம் போட ஆசைப்பட்டவர் திவான் மிர்சா இஸ்மாயில். வேலை 1927இல் தொடங்கியது. க்ரும்பீகலின் யோசனை அதில் உண்டு, மிர்சாவின் காஷ்மீர்த் தோட்ட மோகமும் உண்டு. நமக்கோ அந்த நீரூற்றுகள் சினிமாப் பாட்டுகளாகவே மனதில் பதிந்திருக்கின்றன. அணையின் பெயரைக் கேட்டால் மட்டும் டெல்டாக்காரர்களுக்குக் காவிரித் தண்ணீர்ச் சண்டை நினைவு வரும்.

க்ரும்பீகல் சாலையோர மரங்களை ஒரு கணக்கோடு நட்டார். ஒரு ஜாதி மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்தது பூக்க வேண்டும், ஆண்டு முழுக்க ஊரில் எங்காவது ஒரு தெரு நிறத்தோடு இருக்க வேண்டும். இதைச் செய்ய ஓர் ஆள் போதாது. மரம் வளர முப்பது வருஷம், அதுவரை பார்த்துக்கொள்ளப் பழகிய ஆட்கள் வேண்டும். ஆகவே அவர் தோட்டக்காரர்களைப் பயிற்றுவித்தார், 1912இல் மைசூர் தோட்டக்கலைச் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தார், வெளிநாடுகளோடு விதை பரிமாறினார். 1932இல் அவர் ஓய்வு பெற்றபோது நாற்காலியில் உட்கார ஓர் இந்தியர் தயாராக இருந்தார்: எச். சி. ஜவராயா. ஜவராயாவுக்குப் பின்னால் வந்தவர்களில் எம். எச். மரிகௌடா கர்நாடகத் தோட்டக்கலையின் தந்தை என்றே சொல்லப்படுகிறார். இரண்டு உலகப் போர்களும் க்ரும்பீகலை எதிரி நாட்டுக்காரராக்கின. இருந்தும் அவர் திரும்பிப் போகவில்லை. 1956இல் பெங்களூரிலேயே இறந்து, ஓசூர் சாலைக் கல்லறையில் அடங்கியிருக்கிறார்.

கோனிக்ஸ்பெர்கரின் கதை நேர் எதிர்த் திசையில் ஓடுகிறது. 1908இல், க்ரும்பீகல் பெங்களூர் வந்த அதே ஆண்டில், பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவர் படித்த பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரிக்கு ஒரு பூர்வ கதை உண்டு. கார்ல் பிரீட்ரிக் ஷிங்கெல் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் பெர்லினின் முகத்தையே மாற்றியவர். கட்டடக் கலைக் கழகத்துக்கு 1836இல் அவர் எழுப்பிய செங்கல் கட்டடம் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது. 1879இல் அந்தக் கழகம் தொழிற்கல்விக் கழகத்தோடு இணைந்து தொழில்நுட்பக் கல்லூரியானது. கட்டுவதையும் கற்பிப்பதையும் ஒரே வேலையின் இரண்டு கைகளாகப் பார்க்கும் மரபு அது. கட்டடக் கலைஞர் அரசாங்க உத்தியோகஸ்தராக இருப்பதும் அந்த மரபில் பெருமைக்குரியது. கோனிக்ஸ்பெர்கருக்கு அங்கே ஹான்ஸ் போல்ட்சிக் ஆசிரியர். 1933இல் ஷிங்கெல் பெயரிலான பரிசு இளைஞர் கோனிக்ஸ்பெர்கருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் யூதர்களை அரசுப் பணியிலிருந்து விரட்டும் ஹிட்லரின் சட்டமும் வந்தது. பரிசும் பணிநீக்கமும் ஒரே ஆண்டில்.

எகிப்துக்குப் போனார். கெய்ரோவில் லுட்விக் போர்ஷார்ட் என்ற தொல்லியலாளரிடம் வேலை பார்த்துக்கொண்டே, பழைய எகிப்தியர்கள் கதவு செய்த முறையைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு எழுதினார். கதவு! பெர்லினில் இருந்திருந்தால் எந்த நவீனக் கட்டடக் கலைஞரும் சீண்டியிருக்கமாட்டார். வெயில் நாட்டில் ஒரு கதவு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கு அங்கேதான் முதலில் உறைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அங்கிருந்து மைசூருக்கு அவரைக் கொண்டுவந்த வழியில் ஒரு தமிழரும் மறைமுகமாக நிற்கிறார். கோனிக்ஸ்பெர்கரின் தாய்மாமன் இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன். ஜெர்மனியில் வேலையிழந்த போர்னை 1935இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு அழைத்தவர் சர் சி. வி. ராமன். போர்னை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ராமன் எடுத்த முயற்சி கழகத்துக்குள் எழுந்த எதிர்ப்பால் தோற்றது. தன் நாடே துரத்திய ஆள் நமக்கெதற்கு என்ற ரீதியில் ஒரு சகா பேசியதைப் போர்ன் மறக்கவில்லை. அவர் எடின்பரோவுக்குப் போய்விட்டார். ஆனால் பெங்களூரில் இருந்த சில மாதங்களில் திவான் மிர்சா இஸ்மாயிலோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டிருந்தது. அந்தப் பழக்கம் மருமகனுக்குக் கைகொடுத்தது. 1939இல், போர் தொடங்கச் சில மாதங்கள் இருக்கும்போது, முப்பது வயது கோனிக்ஸ்பெர்கர் மைசூர் அரசின் கட்டடக் கலைஞராகப் பொறுப்பேற்றார். மாமாவுக்கு மறுக்கப்பட்ட ஊர் மருமகனுக்கு வேலை கொடுத்தது.

மிர்சா இஸ்மாயில் 1926 முதல் 1941 வரை திவான். ஊர் அழகாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதத்தை மைசூரின் வட்டச் சந்திகளிலும் விளக்குத் தூண்களிலும் இன்றும் பார்க்கலாம். 1903இலேயே நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் அமைத்து, நெருக்கடியான பேட்டைகளைப் பிரித்து, மனை போட்டுப் பழகிய நகரம் அது. பெர்லினின் நவீனத்துவத்தில் ஊறி வந்தவருக்கு இந்த அலங்காரப் பிரியம் கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்கும். ஆனால் அதைவிடப் பெரிய சங்கடம் பொருள் தட்டுப்பாடு. போர்க்காலத்தில் இரும்பும் சிமென்டும் ராணுவத்துக்கு. மிச்சமிருந்தவை கருங்கல், செங்கல், சுண்ணாம்பு, மங்களூர் ஓடு, இவற்றில் பழகிய கொத்தனார்கள். கண்ணாடியும் கான்கிரீட்டும்தான் நவீனம் என்று படித்துவந்தவருக்கு அவை இரண்டுமே இல்லாமல் நவீனமாகக் கட்ட வேண்டிய கட்டாயம்.

இந்தக் கட்டாயத்தின் விளைவைப் பெங்களூர் டாட்டா இன்ஸ்டிடியூட் வளாகத்தில் பார்க்கலாம். இந்திய அறிவியல் கழகத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. 1942இல் தொடங்கிய விமானப் பொறியியல் துறை, உலோகவியல் துறை, உணவுக்கூடமும் அரங்கமும் சேர்ந்த கட்டடம் என்று பல இடங்களில் அவர் வேலை செய்திருக்கிறார். கும்பாபிஷேகக் கோபுரம்போல் கண்ணைப் பறிக்கும் கட்டடங்கள் இல்லை இவை. நீளவாக்கில், தணிவாக, சன்னல்மேல் நிழல் தட்டிகளோடு, மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கின்றன. யாரும் நின்று படம் எடுப்பதில்லை. பகல் இரண்டு மணிக்கு உள்ளே நுழைந்தால்தான் அவற்றின் அருமை தெரியும்.

சமஸ்தான வேலையோடு டாட்டாக்களுக்கும் அவர் வேலை பார்த்தார். பத்ராவதி இரும்பாலை நகரத்துக்கும் திட்டம் தீட்டினார். 1944–45இல் ஜாம்ஷெட்பூருக்கு அவர் தயாரித்த வளர்ச்சித் திட்டம் அந்த ஊர் பார்த்த நாலாவது திட்டம். முந்தைய மூவர் சாலை போட்டு மனை பிரித்தார்கள். இவர் ஊரைப் பல குடியிருப்பு அலகுகளாக உடைத்தார், ஒவ்வொன்றிலும் பள்ளிக்கூடம், கடை, மருந்தகம். 1948இல் புவனேஸ்வரத்துக்கு வந்தபோது இந்த எண்ணம் தெளிந்திருந்தது. நேரு அந்த ஆண்டு ஏப்ரல் 13இல் அடிக்கல் நாட்டிய தலைநகரத்துக்கு அவர் திட்டமிட்டது 40,000 பேருக்கு. பிள்ளைகள் பெரிய சாலையைக் கடக்காமல் நடந்தே பள்ளிக்குப் போக வேண்டும். நடப்பவருக்கு ஒரு பாதை, சைக்கிளுக்கு ஒன்று, வண்டிக்கு வேறு என்று ஏழு வகைத் தெருக்கள். மாடி மேல் மாடி ஏற்றாமல் தரையோடு படர்ந்த வீடுகள். இன்றைக்கும் புவனேஸ்வரக்காரர்கள் 'யூனிட் ஒண்ணு சந்தை', 'யூனிட் நாலு மீன் மார்க்கெட்' என்றுதான் வழி சொல்கிறார்கள். ஊர் லட்சங்களைத் தாண்டிவிட்டது, திட்டத்தின் பெயர்கள் மட்டும் பேச்சில் தங்கிவிட்டன. இரண்டு வருஷம் கழித்துத் தொடங்கிய சண்டிகர், அதை வடிவமைத்த ல கோர்பூசியேவின் புகழால் எல்லா வெளிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. இந்திய நகரமைப்பு வரலாறுகளில் கோனிக்ஸ்பெர்கர் நீண்டகாலம் அடிக்குறிப்பாகவே கிடந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு காரணம் அவருடைய தோல்வி. 1948இல் மத்திய சுகாதார அமைச்சகத்தில் வீடமைப்பு இயக்குநர் ஆனார். பிரிவினை அகதிகள் லட்சக்கணக்கில் கூடாரங்களில் இருந்தார்கள். பரீதாபாத், ராஜ்புரா, காந்திதாம் என்று புது ஊர்கள் எழுந்தன. தில்லி ஜங்புராவில் ஒரு தொழிற்சாலை, பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தில் நுரை கான்கிரீட் பலகைகளை அச்சில் வார்த்து, வீட்டையே பாகம் பாகமாகத் தயாரித்து அனுப்புவது என்று ஏற்பாடு. கைவேலைக்குப் பஞ்சமே இல்லாத நாட்டில் இயந்திரத்தில் வீடு செய்யக் கிளம்பியது, மைசூரில் கல்லையும் ஓட்டையும் வைத்து அவ்வளவு கற்ற மனிதர் செய்த பிசகு என்று நான் நினைக்கிறேன். பலகைகள் விரிசல் விட்டன. விலையும் கட்டுப்படியாகவில்லை. பாராளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. 1951இல் அவர் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். அந்தத் தொழிற்சாலை பின்னால் அரசு நிறுவனமாகி வேறு கான்கிரீட் பொருள்கள் செய்து பிழைத்துக்கொண்டது.

லண்டனில் அவருக்கு இரண்டாவது பிறப்பு. 1953இல் அங்கே நடந்த வெப்பமண்டலக் கட்டடக் கலை மாநாட்டுக்கு வித்திட்டவர் அடெடோகுன் அடேயெமி என்ற நைஜீரிய மாணவர். எங்கள் ஊருக்கு உதவாததையே இங்கே சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்பது அவர் போன்றவர்களின் முறையீடு. அதன் பலனாக 1954இல் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் ஒரு தனித் துறை தொடங்கியது. 1957இல் அதன் தலைமை கோனிக்ஸ்பெர்கருக்கு வந்தது. டாக்காவின் முசாருல் இஸ்லாம் அங்கே படித்தவர். ஆப்பிரிக்கா, ஆசியா என்று புதிதாக விடுதலை பெற்ற நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். அங்கே உருவானதுதான் சகா கார்ல் மஹோனியின் பெயரில் வழங்கும் அட்டவணை. பன்னிரண்டு மாத வெப்பம், ஈரப்பதம், மழை மூன்றையும் கட்டங்களில் நிரப்பினால், வீடு எந்தத் திசை பார்க்க வேண்டும், வீடுகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி, சன்னல் எவ்வளவு பெரிது என்று அது சொல்லிவிடும். புழுக்கமான ஊரில் சுவரில் 40 முதல் 80 சதவீதம் வரை திறப்பு, வறண்ட வெயில் ஊரில் 10 முதல் 20 சதவீதம் போதும். கால்குலேட்டர்கூட வேண்டாம், பென்சில் போதும். கிராமத்துப் பொறியாளர் மாலைக்குள் போட்டு முடிக்கலாம்.

நகரமைப்பிலும் அவர் கருத்து மாறியது. 1963இல் ஐ.நா. அனுப்பிய குழுவில் சார்ல்ஸ் ஆப்ரம்ஸ், சுசுமு கோபே இருவரோடு சிங்கப்பூர் போனார். நடுவிலுள்ள நீர்ப்பிடிப்புக் காட்டைச் சுற்றி வளையமாக நகரங்களைக் கோக்கும் அவர்களுடைய யோசனை, சிங்கப்பூரின் பின்னாளைய வளர்ச்சியில் தெரிகிறது. மறு ஆண்டு எழுதிய கட்டுரையில், இருபது வருஷத்துக்கு ஒரு பெருந்திட்டம் வரைந்து அதை அரசிதழில் வெளியிட்டுக் காத்திருப்பது வீண், வரைபடம் காய்வதற்குள் ஊர் அதைத் தாண்டிப் போய்விடும் என்று வாதிட்டார். செய்துகொண்டே திட்டமிடு, திட்டமிட்டுக்கொண்டே செய். புவனேஸ்வரத்தை வரைந்த கை இதை எழுதுகிறது என்பதை மறக்கக் கூடாது.

அவரைப் பற்றிய இன்றைய ஆய்வுகள் இங்கேதான் இரண்டாகப் பிரிகின்றன. கடந்த பதினைந்து ஆண்டுகளில் ரேச்சல் லீ போன்றவர்கள் ஆவணங்களைத் தோண்டி, அவரை நாடிழந்த நவீனத்துவராக, இந்தியாவில் மாறியவராக மீட்டுத் தந்திருக்கிறார்கள். இன்னொரு தரப்பு 'வெப்பமண்டலக் கட்டடக் கலை' என்ற பெயரையே சந்தேகிக்கிறது. காலனி ராணுவ மருத்துவர்களும் பொதுப்பணித் துறையும் பாளையங்களுக்காகச் சேர்த்த அறிவுதான் அதன் வேர். லாகோசையும் டாக்காவையும் சென்னையையும் ஒரே 'மண்டலம்' ஆக்கும்போது அவற்றின் அரசியலும் ஜாதியும் நிலவுடைமையும் தெர்மாமீட்டருக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. இந்தக் குற்றச்சாட்டில் நிறைய உண்மை இருக்கிறது. நம் தெருக்களில் காற்று எந்த வீட்டுக்குள் வரும் என்பதை ஜாதியும் நிர்ணயித்திருக்கிறது, அதற்கு மஹோனி அட்டவணையில் கட்டம் இல்லை. ஆனால் அவரும் அந்தப் பெயரோடு உட்கார்ந்துவிடவில்லை. 1971இல் துறை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு மாறியபோது 'வெப்பமண்டலம்' என்ற சொல்லை விட்டுவிட்டு வளர்ச்சித் திட்டமிடல் பிரிவு என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள். அட்டவணையிலிருந்து நிலம், பணம், அதிகாரம் பக்கம் பாடம் நகர்ந்தது.

மைசூருக்கு அவர் என்ன கொடுத்தார் என்ற கேள்வியைத் திருப்பிப் போட்டு, மைசூர் அவருக்கு என்ன கொடுத்தது என்று கேட்டால் பதில் கைக்கு அகப்படுகிறது. லண்டனில் அவர் பல வருஷம் சொல்லிக்கொடுத்த பாடத்தின் முதல் பக்கங்கள் பெங்களூர்க் கட்டட வேலை இடங்களிலும், சிமென்ட் வராத மாதங்களிலும் எழுதப்பட்டவை. அங்கே அவர் மாணவராக இருந்தார். தனக்கென்று மாணவர்களை உருவாக்க அங்கே அவருக்குக் கல்லூரி இல்லை, உத்தியோகம் மட்டுமே இருந்தது. க்ரும்பீகலுக்கோ தோட்டமே கல்லூரி. ஜவராயாக்கள் அங்கேயே, அதே மண்ணில் வளர்ந்தார்கள். கோனிக்ஸ்பெர்கரிடம் படிக்க விரும்பிய இந்தியர் லண்டனுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு வசதியில்லாதவர்களுக்கு ஜெராக்ஸ்.

கோனிக்ஸ்பெர்கர் 1999 ஜனவரியில் லண்டனில் காலமானார். அவர் தொடங்கிய பிரிவு இன்றும் அங்கே வகுப்பு நடத்துகிறது. லால்பாக்கில் க்ரும்பீகலின் பெயர் தாங்கிய பழைய கூடம் பல வருஷம் பூட்டிக் கிடந்து, 2017இல் தரைமட்டமானது. அதைத் தாண்டிப் போகும் சாலையில் வரிசை மரங்கள் முறை வைத்துப் பூக்கின்றன. லால்பாக் மேற்கு வாசலுக்குப் போக ஆட்டோக்காரரிடம் க்ரும்பீகல் ரோடு என்று சொன்னால், பாதிப் பேருக்குத்தான் தெரிகிறது.